விபிஎன், பைஹோல் போட்டதும் நெட் முரண்டு பிடிக்கிறதா? கூடவே "யாரோ உள்நுழைந்தார்" மெயிலும் வருகிறதா? படிப்படியாகச் சரிசெய்வோம்

வீட்டு நெட்டில் பைஹோல் போன்ற விளம்பரத் தடுப்பானும், போக்குவரத்தை மறைத்து வேறொரு சர்வர் வழியாக அனுப்பும் விபிஎன்னும் போட்டவர்களுக்குச் சீக்கிரமே இரண்டு தலைவலிகள் வந்து சேரும். நேற்றுவரை ஒழுங்காகத் திறந்த ஏதோ ஒரு தளம் திறக்காது. அப்புறம், "உங்கள் கணக்கில் புதிய இடத்திலிருந்து உள்நுழைவு" என்று ஒரு மெயில் வரும். முதலாவதற்கு விபிஎன்னை அணைத்துவிடுவார்கள். இரண்டாவதற்கு மெயிலில் இருக்கும் சிவப்புப் பட்டனை அழுத்திவிடுவார்கள். இரண்டுமே தவறான இடத்தில் கை வைப்பது.

பல நேரம் இந்த இரண்டுக்கும் வேர் ஒன்றுதான்: நீங்கள் போட்ட கருவியே. விபிஎன் வேறு நாட்டு முகவரியில் உங்களைக் காட்டுவதால்தான் எச்சரிக்கை மெயில் வருகிறது. மோசடிக்காரர்கள் நகலெடுப்பதும் சரியாக அதே மெயிலைத்தான். அதனால் எதையும் அணைக்காமல், எதையும் அழுத்தாமல், பதிவு எங்கே இருக்கிறதோ அங்கே போய்ப் பார்ப்பதுதான் இந்தக் கட்டுரையின் முறை. ஒரு பக்கம் பைஹோலின் லாக் (எந்தக் கருவி எந்தத் தளத்தின் பெயரைக் கேட்டது என்ற பதிவு), இன்னொரு பக்கம் உங்கள் கணக்கின் செயல்பாட்டுப் பக்கம்.

நிறுவுவது எப்படி என்று இங்கே சொல்லப் போவதில்லை. பைஹோலோ, அதே வேலையைச் செய்யும் ஆட்கார்டு ஹோமோ ஏற்கெனவே ஓடுகிறது, ரவுட்டர் அமைப்புக்குள் நுழையத் தெரியும், விபிஎன் ஒன்று இருக்கிறது என்று வைத்துக்கொள்கிறேன். எதைத் தேர்ந்தெடுப்பது என்று இன்னும் யோசித்துக்கொண்டிருந்தால் என் கருத்து இது. புதிதாகத் தொடங்குபவர் ஆட்கார்டு ஹோம் எடுக்கலாம். டிஎன்எஸ், அதாவது தளத்தின் பெயரை எண் முகவரியாக மாற்றித் தரும் சேவை, மறையாக்கிய வடிவில் அதிலேயே உள்ளடங்கி வருகிறது, பைஹோலில் அதற்குத் தனியாக ஒரு மென்பொருள் சேர்க்க வேண்டும். நான் பைஹோலில் இருப்பது அதன் லாக் பக்கத்துக்காக. விபிஎன் இணைப்பு முறைகளில் வயர்கார்டு இருக்கும்போது ஓபன்விபிஎன் பக்கம் போக எனக்குக் காரணம் தெரியவில்லை. 2020 மார்ச்சில் வந்த லினக்ஸ் 5.6-இலிருந்து வயர்கார்டு அதன் கெர்னலுக்குள்ளேயே (இயங்குதளத்தின் மையப் பகுதி) இருக்கிறது. இலவச விபிஎன்கள் பற்றி ஒரே வரி: செலவை யார் தருகிறார்கள் என்று உங்களுக்குப் புரியவில்லை என்றால் வேண்டாம்.

படி 1: எந்த அடுக்கில் கோளாறு?

கட்டளைத் திரையைத் திறந்து 1.1.1.1 என்ற முகவரிக்குப் பிங் (ping, பதில் வருகிறதா என்று பார்க்கும் கட்டளை) கொடுங்கள். பதில் வந்தால் லைன் உயிரோடு இருக்கிறது. அடுத்து, திறக்க மறுக்கும் தளத்தின் பெயருக்குப் பிங் கொடுங்கள். சில தளங்கள் பிங்குக்குப் பதில் தராது, அதைப் பற்றிக் கவலை வேண்டாம். பெயர் எண்ணாக மாறுகிறதா என்பதுதான் நமக்கு வேண்டியது.

பெயர் எண்ணாகவே மாறவில்லை என்றால் டிஎன்எஸ் கோளாறு. 0.0.0.0 என்று மாறினால் பைஹோல் தடுத்திருக்கிறது. சரியான எண் வந்தும் பக்கம் திறக்கவில்லை, விபிஎன்னை நிறுத்தினால் திறக்கிறது என்றால் படி 4-க்குப் போங்கள். விபிஎன் இல்லாமலும், தடுப்பு இல்லாமலும், மொபைல் டேட்டாவிலும் திறக்கவில்லையா? தளமே படுத்திருக்கிறது. டீ குடித்துவிட்டு வாருங்கள்.

ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம். மாற்றியதை ஒரு தாளில் எழுதி வையுங்கள். ரவுட்டரில் மூன்று இடத்தில் மாற்றிவிட்டு எது வேலை செய்தது என்று தேடுவதைப் போல எரிச்சல் வேறில்லை.

படி 2: தடுப்பான் ஓடுகிறது, ஆனாலும் விளம்பரம் வருகிறது

என்னை ரொம்ப நேரம் சுற்றவிட்ட படி இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

அறிகுறி இப்படி இருக்கும். ரவுட்டரில் டிஎன்எஸ் முகவரியாகப் பைஹோலைக் கொடுத்தாயிற்று. கணினியிலிருந்து சில வினவல்கள் லாக்கில் தெரிகின்றன. ஆனால் அதே கணினியில் பாதி விளம்பரம் வருகிறது, பாதி வருவதில்லை. போனில் முழுசாக வருகிறது. போனின் பெயரே லாக்கில் இல்லை.

முதலில் எளிய சந்தேகத்தைத் தீர்த்துவிடுவோம். ரவுட்டரில் இரண்டாம் டிஎன்எஸ் என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் 8.8.8.8 போன்ற எதையாவது பாதுகாப்புக்காகப் போட்டு வைப்பது வழக்கம். எடுத்துவிடுங்கள். முதலாவது செத்தால்தான் இரண்டாவதைக் கேட்கும் என்று எந்த உறுதியும் இல்லை. பல கருவிகள் இரண்டையும் தம் விருப்பம்போலக் கேட்கும். இரண்டாவது வேண்டும் என்றால் இன்னொரு பைஹோலைத்தான் போட வேண்டும். மாற்றிய பிறகு ஒவ்வொரு கருவியிலும் வைஃபையை ஒருமுறை அணைத்துப் போடுங்கள். இல்லாவிட்டால் பழைய டிஎன்எஸ் முகவரியை, ரவுட்டர் தந்த குத்தகைக் காலம் முடியும்வரை விடாமல் வைத்துக்கொண்டிருக்கும்.

இதற்குப் பிறகும் தீரவில்லை என்றால் கிட்டத்தட்ட எப்போதும் காரணம் ஐபிவி6, அதாவது பழைய ஐபிவி4-ஓடு கூடவே ஓடும் புதிய முகவரி முறை.

ரவுட்டரில் நீங்கள் மாற்றிய டிஎன்எஸ், ஐபிவி4-க்கான டிஹெச்சிபி (ரவுட்டர் கருவிகளுக்கு முகவரி தரும் முறை) வழியாக மட்டுமே வீட்டுக் கருவிகளுக்குப் போகிறது. ஐபிவி6-க்கு வழி வேறு. ரவுட்டர் அவ்வப்போது வீட்டு வலையமைப்பு முழுக்க ஓர் அறிவிப்பை அனுப்பிக்கொண்டே இருக்கும். "நான்தான் ரவுட்டர், இதுதான் முகவரி வரிசை, டிஎன்எஸ் கேட்க வேண்டுமானால் என்னிடம் கேளுங்கள்" என்று. அந்தக் கடைசி வாக்கியம்தான் வில்லன். கருவி இரண்டு டிஎன்எஸ்களையும் வாங்கி வைத்துக்கொள்கிறது, ஐபிவி6 வழியாகக் கேட்டால் கேள்வி பைஹோலைத் தொடாமலேயே ரவுட்டர் வழியாக வெளியே போய்விடுகிறது. லாக்கில் ஒரு தடமும் இருக்காது.

உறுதி செய்வது சுலபம். கணினியின் கட்டளைத் திரையில் என்எஸ்லுக்அப் (nslookup) கட்டளையை ஏதாவது ஒரு தளத்தின் பெயரோடு ஓட்டுங்கள். பதில் தந்த சர்வரின் முகவரி மேலேயே வரும். அது பைஹோலின் 192.168 என்று தொடங்கும் முகவரியாக இருந்தால் நல்லது. முக்காற்புள்ளிகள் நிறைந்த நீளமான முகவரியாக இருந்து, அது பைஹோல் ஓடும் பெட்டியின் ஐபிவி6 முகவரியோடு ஒத்துப்போகவில்லை என்றால், அகப்பட்டுக்கொண்டது.

தீர்வுக்கு மூன்று வழிகள், எனக்குப் பிடித்த வரிசையில்.

ரவுட்டரின் ஐபிவி6 பக்கத்தில், உள் வலையமைப்புக்கு அறிவிக்கும் டிஎன்எஸ்ஸை மாற்ற இடம் இருந்தால், பைஹோலின் ஐபிவி6 முகவரியை அங்கே கொடுங்கள். எந்த முகவரி என்பதில் கவனம் வேண்டும். பைஹோல் பெட்டிக்கு ஒரே நேரத்தில் பல ஐபிவி6 முகவரிகள் இருக்கும். 2 என்று தொடங்குவது பொது முகவரி. இணைய நிறுவனம் முன்னொட்டை (முகவரியின் தொடக்கப் பகுதி) மாற்றும்போது அதுவும் மாறிவிடும், அடுத்த நாள் மொத்த வீடும் நெட் இல்லை என்று கத்தும். எஃப்டி (fd) என்று தொடங்கும் உள்ளூர் முகவரி இருந்தால் அதைக் கொடுங்கள். இல்லையென்றால் ரவுட்டரில் அந்த உள்ளூர் முன்னொட்டு வசதியை இயக்க முடிகிறதா என்று பாருங்கள்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. ரவுட்டரில் டிஹெச்சிபிவி6 என்று ஒரு தனிக் கட்டம் இருக்கும், அதில் டிஎன்எஸ்ஸை மாற்றினால் போதும் என்று தோன்றும். விண்டோஸ் கணினி அதைக் கேட்டுக்கொள்ளும். ஆண்ட்ராய்டு போன் கேட்காது. அது ரவுட்டர் அறிவிப்பில் வருவதை மட்டுமே எடுத்துக்கொள்ளும். கணினியில் தீர்ந்து போனில் தீராமல் இருந்தால் இந்தக் கட்டத்தைத்தான் மாற்றியிருப்பீர்கள்.

இரண்டாவது வழி, ஐபிவி6-ஐ வைத்துக்கொண்டு டிஎன்எஸ் அறிவிப்பை மட்டும் நிறுத்துவது. சில ரவுட்டர்களில் முடியும். கருவிகள் ஐபிவி4 வழியாகவே பைஹோலைக் கேட்கும். ஐபிவி6 தளங்களின் முகவரியையும் அந்த வழியிலேயே வாங்கிக்கொள்ளலாம், பிரச்சினை இல்லை.

மூன்றாவது, உள் வலையமைப்பில் ஐபிவி6-ஐயே அணைப்பது. இணைய நிறுவனம் தந்த ரவுட்டர்கள் பலவற்றில் முதல் இரண்டும் பூட்டிக் கிடக்கும் என்பதால் கடைசியில் பலர் இங்கேதான் வந்து நிற்கிறார்கள். இதைப் பாவம் போலப் பேசுபவர்கள் உண்டு. வீட்டில் ஓடும் தடுப்பான் உண்மையில் தடுக்க வேண்டும் என்பது உங்கள் நோக்கமானால், அணைத்துவிட்டு நிம்மதியாக இருங்கள் என்பேன்.

படி 3: பைஹோலைத் தாண்டிக் குதிக்கும் பிரவுசரும் போனும்

சாதாரண டிஎன்எஸ் 53-ஆம் போர்ட்டில் (ஒவ்வொரு சேவைக்குமான எண் வாசல்) திறந்த கடிதமாகப் போகிறது. அதை மறைக்க வந்த இரண்டு முறைகளில் ஒன்று 853-ஆம் போர்ட்டில் தனியாகப் போவது. இன்னொன்று சாதாரண இணையப் பக்கம் போல 443-இல் கலந்து போவது. தனியுரிமைக்கு இரண்டும் நல்லவையே. ஆனால் அவை வெளியே ஒரு சர்வரை நேராகக் கேட்டால் உங்கள் தடுப்பானுக்கு ஒன்றும் தெரியாது.

போனில் "பிரைவேட் டிஎன்எஸ்" என்ற அமைப்பைப் பாருங்கள். ஆண்ட்ராய்டு 9-இலிருந்து இருக்கிறது. அதில் ஏதாவது சர்வர் பெயர் எழுதியிருந்தால் வீட்டில் பைஹோல் செல்லாக்காசு. தானியங்கு என்று வையுங்கள். ஃபயர்ஃபாக்ஸ் தானாகவே மறையாக்கிய டிஎன்எஸ்ஸை இயக்கியிருந்தால், பைஹோல் ஒரு குறிப்பிட்ட பெயருக்கு "இல்லை" என்று பதில் சொல்லி அதை விலகச் சொல்லும். ஆனால் அமைப்பில் நீங்களே கையால் இயக்கியிருந்தால் அது கேட்காது, நீங்கள்தான் நிறுத்த வேண்டும். குரோம் தானியங்கு நிலையில் இருந்தால் தொல்லை தராது. ஐபோனில் ஐகிளவுட் பிரைவேட் ரிலே இருந்தால் அதுவும் இதே கதை. வீட்டு வைஃபைக்கு மட்டும் அதை நிறுத்திக்கொள்ளலாம்.

படி 4: விபிஎன் இணைந்தது என்கிறது, பக்கம் பாதியில் நிற்கிறது

முதலில் ஒரு தெளிவு. விபிஎன் செயலி தன் சொந்த டிஎன்எஸ்ஸைத்தான் பயன்படுத்தும், எனவே விபிஎன் ஓடும் கருவி பைஹோல் லாக்கில் தெரியாது. இது கோளாறே இல்லை. வலுக்கட்டாயமாகப் பைஹோலைக் கேட்க வைத்தால், நீங்கள் எந்தத் தளத்துக்குப் போகிறீர்கள் என்பது விபிஎன்னின் மறைவான பாதையான சுரங்கத்துக்கு வெளியே கசியும். அப்புறம் எதற்கு விபிஎன்? அந்தக் கருவியில் விளம்பரத்தைத் தடுக்க ஃபயர்ஃபாக்ஸும் யுபிளாக் ஆரிஜின் என்ற நீட்சியும் போதும். குரோமில் இப்போது அதன் லைட் வடிவம்தான் கிடைக்கிறது. அதனால்தான் ஃபயர்ஃபாக்ஸ் என்கிறேன்.

சரி, பாதியில் நிற்கும் பக்கங்கள். சின்னத் தளங்கள் திறக்கின்றன, பெரிய தளங்கள் சுழன்றுகொண்டே இருக்கின்றன, பிங் ஒழுங்காகப் போகிறது என்றால் காரணம் பெரும்பாலும் எம்டியு, அதாவது ஒரே பொட்டலத்தில் அடங்கும் அளவு. சாதாரண லைனில் 1500 பைட். வயர்கார்டு தன் உறைக்காக ஐபிவி4-இல் 60, ஐபிவி6-இல் 80 எடுத்துக்கொள்ளும். அதனால்தான் வழக்கமாக 1420 என்று வைத்திருப்பார்கள். பயனர் பெயர், பாஸ்வேர்டு கொடுத்து இணையும் பிபிபிஓஇ லைனில் 1492 மட்டுமே இருக்கும். அதன் மேல் ஐபிவி6 வழியாக விபிஎன் போனால் 1412-க்கு மேல் இடமில்லை. 1420 அங்கே எட்டு பைட் பிதுங்கும், பெரிய பொட்டலங்கள் மட்டும் வழியில் காணாமல் போகும். விபிஎன் அமைப்பில் எம்டியுவை 1280 என்று வையுங்கள். ஐபிவி6 அனுமதிக்கும் மிகக் குறைந்த அளவு அதுதான் என்பதால் கிட்டத்தட்ட எங்கும் செல்லும். பக்கங்கள் திறந்துவிட்டால் காரணம் உறுதி. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிப் பார்க்கலாம். ஏற்றாமல் விட்டாலும் வேகத்தில் பெரிய வித்தியாசம் தெரியாது.

இணைந்தது போலக் காட்டி எதுவுமே வரவில்லை என்றால், கடைசிக் கைகுலுக்கல் (இரு முனைகளும் சாவியைச் சரிபார்த்து இணைவது) எப்போது என்று செயலியில் பாருங்கள். வயர்கார்டு ஊமை, சாவி தவறாக இருந்தால்கூடப் பிழைச் செய்தி தராது, மறுமுனை பதிலே சொல்லாது, அவ்வளவுதான். பயன்பாட்டில் இருக்கும்போது ஏறத்தாழ இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை கைகுலுக்கல் புதுப்பிக்கப்பட வேண்டும். ஒன்றுமே இல்லை என்றால் சாவி, சர்வர் முகவரி, போர்ட் இந்த மூன்றில் ஒன்று தவறு. ராஸ்பெரி பை என்ற சிறு கணினியில் விபிஎன் ஓட்டுபவர்கள் நேரத்தையும் பாருங்கள். பை 4 வரை அதில் கடிகாரச் சில்லு கிடையாது. மின்சாரம் போய் வந்தால் பழைய நேரத்தோடு எழுந்திருக்கும். வயர்கார்டு பின்னோக்கிப் போன நேரத்தை ஏற்காது. பைஹோலில் டிஎன்எஸ்செக் (டிஎன்எஸ் பதில் போலியா என்று சரிபார்க்கும் வசதி) இயக்கியிருந்தால் இன்னும் வேடிக்கை: நேரம் தவறு என்பதால் பெயர்களைச் சரிபார்க்க முடியாது, பெயர் தெரியாததால் நேரம் தரும் சர்வரைக் கேட்க முடியாது. நேர சர்வர் ஒன்றை எண் முகவரியாகவே கொடுத்து வைத்தால் இந்த முடிச்சு அவிழும்.

கடைசியாகக் கசிவு. வயர்கார்டு அமைப்பில் அனுமதித்த முகவரிகள் என்ற வரியில் 0.0.0.0/0 மட்டும் இருந்து, அதற்கு இணையான ஐபிவி6 வரி ::/0 இல்லையென்றால், ஐபிவி6 போக்குவரத்து முழுதும் சுரங்கத்துக்கு வெளியே உங்கள் சொந்த முகவரியோடு நடந்து போகும். இரண்டையும் எழுதுங்கள்.

படி 5: "புதிய உள்நுழைவு" மெயில்

இப்போது மெயிலுக்கு வருவோம். மெயில் உண்மையா பொய்யா என்று மெயிலையே உற்றுப் பார்த்துக் கண்டுபிடிக்க முயலாதீர்கள். எழுத்துப்பிழை இருந்தால் மோசடி என்று சொன்ன காலம் போய்விட்டது. மெயிலை அப்படியே மூடிவிட்டு, பிரவுசரில் தளத்தின் முகவரியை நீங்களே தட்டச்சு செய்து, அல்லது செயலியைத் திறந்து, கணக்கின் பாதுகாப்புப் பகுதிக்குப் போங்கள். கூகுளில் சமீபத்திய பாதுகாப்புச் செயல்பாடு என்ற பட்டியல் உண்டு, மைக்ரோசாஃப்டிலும் சமீபத்திய செயல்பாடு உண்டு. அந்த உள்நுழைவு உண்மையில் நடந்திருந்தால் அங்கே இருக்கும். இல்லையென்றால் மெயில் பொய். அவ்வளவுதான் பரிசோதனை.

அங்கே இருந்தால், அது நீங்களா என்று பாருங்கள். கணினியில் ஜிமெயிலைத் திறந்தால் பக்கத்தின் அடியில் கடைசிக் கணக்குச் செயல்பாடு என்று ஒரு சின்ன வரி இருக்கும், அதன் விவரங்களில் ஐபி முகவரியும் நேரமும் கிடைக்கும். விபிஎன் எந்த நாட்டில் இணைந்திருந்தது, எந்த ஐபி கொடுத்தது என்பதோடு ஒப்பிடுங்கள். நேரம் எந்த மண்டலத்தில் காட்டப்படுகிறது என்று கவனியுங்கள். சில மணி நேரம் தள்ளியிருப்பதைப் பார்த்துத்தான் பலர் பயப்படுகிறார்கள். ஊரின் பெயரை ரொம்ப நம்ப வேண்டாம். ஐபியை வைத்து ஊரைச் சொல்வது தோராயக் கணக்கு, மொபைல் டேட்டாவில்கூட நீங்கள் போகாத ஊரைக் காட்டும். நாடு, நேரம், கருவி வகை மூன்றும் பொருந்தினால் அது நீங்கள்தான். விபிஎன்னில் எப்போதும் ஒரே நாட்டைத் தேர்ந்தெடுத்தால் இந்த மெயில்கள் தானாகக் குறையும்.

"தோல்வியடைந்த முயற்சி" என்று வரிசையாக, உலகம் முழுக்க உள்ள நாடுகளிலிருந்து இருந்தால்? உங்கள் மெயில் முகவரி எங்கோ கசிந்த பட்டியலில் இருக்கிறது, யாரோ ஒரு நிரல் பாஸ்வேர்டுகளைப் போட்டுப் பார்க்கிறது. தோற்றது தோற்றதுதான். அந்தக் கணக்கின் பாஸ்வேர்டு வேறெங்கும் பயன்படாததாக இருந்து, இரண்டாம் சரிபார்ப்பும் இருந்தால் தூங்கப் போகலாம். நீங்கள் கேட்காத ஓடிபி வந்தாலும் இதேதான், யாருக்கும் சொல்லாதீர்கள், போனில் "நீங்களா?" என்று கேட்டால் இல்லை என்று அழுத்துங்கள். எரிச்சலில் ஆம் என்று அழுத்த வைப்பதற்காகவே திரும்பத் திரும்ப அனுப்புவார்கள்.

உங்கள் பழைய பாஸ்வேர்டைத் தலைப்பிலேயே எழுதி, "உன் கேமராவில் பதிவு செய்துவிட்டேன், பிட்காயின் அனுப்பு" என்று மிரட்டும் மெயில் இன்னொரு வகை. அனுப்புநராக உங்கள் முகவரியையே காட்டும், ஏனென்றால் அந்த இடத்தில் யாரும் எதையும் எழுதலாம். பாஸ்வேர்டு ஏதோ ஒரு தளத்தின் கசிவிலிருந்து எடுத்தது. 2013-இலிருந்து இயங்கும் ஹேவ் ஐ பீன் போன்டு தளத்தில் உங்கள் முகவரியைக் கொடுத்தால் எந்தக் கசிவுகளில் இருக்கிறது என்று தெரியும். அந்தப் பாஸ்வேர்டு இன்னும் எங்காவது பயன்பாட்டில் இருந்தால் மாற்றுங்கள். மிரட்டலுக்குப் பதில் எழுதாதீர்கள்.

படி 6: மெயிலில் உள்ள லிங்க்கைப் பைஹோல் தடுக்கிறது

இரண்டு தலைவலிகளும் ஒன்றாகச் சேரும் இடம் இதுதான், எந்த வழிகாட்டியிலும் இதை யாரும் சரியாகச் சொல்வதில்லை.

உண்மையான நிறுவனங்களின் மெயில்களில்கூடப் பல நேரம் லிங்க்குகள் நேராகத் தளத்துக்குப் போவதில்லை. யார் அழுத்தினார் என்று கணக்கெடுக்கும் ஒரு இடைத்தளம் வழியாகப் போகும். அந்த இடைத்தளங்கள் தடுப்புப் பட்டியல்களில் இருக்கும். நீங்களே கேட்ட பாஸ்வேர்டு மாற்றும் மெயில், அழுத்தினால் வெற்றுப் பக்கம். உடனே கை பைஹோலை ஐந்து நிமிடம் நிறுத்தும் பட்டனுக்குப் போகும். நிறுத்தாதீர்கள். இதே வெற்றுப் பக்கம், மோசடித் தளம் பட்டியலில் இருந்தாலும் வரும். இரண்டுக்கும் பார்வைக்கு வித்தியாசமே கிடையாது.

லாக்கைத் திறந்து அந்த நேரத்தில் தடுக்கப்பட்ட பெயரைப் பாருங்கள். பிறகு பைஹோலின் கருவிகள் பகுதியில் பட்டியல்களில் தேடும் வசதி இருக்கிறது, அதில் அந்தப் பெயரைப் போடுங்கள். எந்தப் பட்டியல் தடுத்தது என்று சொல்லும். விளம்பர, கண்காணிப்புப் பட்டியல் என்றால் அது பெரும்பாலும் கணக்கெடுக்கும் இடைத்தளம். மோசடி அல்லது தீம்பொருள் பட்டியல் என்றால் மெயிலை அழித்துவிடுங்கள். முதல் வகையாக இருந்தாலும் என் பழக்கம், லிங்க்கை விட்டுவிட்டு நேராகத் தளத்துக்குப் போவதுதான். அந்த லிங்க் இல்லாமல் முடியவே முடியாது, மெயிலைக் கேட்டதும் நீங்கள்தான் என்றால், அந்த ஒரு பெயரை மட்டும் அனுமதித்து, வேலை முடிந்ததும் எடுத்துவிடுங்கள்.

படி 7: மெயிலின் தலைப்பகுதியைப் படிக்க ஆசைப்படுபவர்களுக்கு

தேவையில்லாத படி, ஆனால் ஆர்வம் இருந்தால் பாருங்கள். ஜிமெயிலில் மெயிலின் மெனுவிலிருந்து அசல் வடிவத்தைத் திறந்தால் எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் என்று அனுப்புநரைச் சரிபார்க்கும் மூன்று வரிகளில் தேர்ச்சி அல்லது தோல்வி இருக்கும். டிமார்க் தோற்றால் சந்தேகம் நியாயம். தேர்ந்தால்? அனுப்புநராகக் காட்டும் டொமைன் (தளப் பெயர்) உண்மையிலேயே அனுப்பியிருக்கிறது என்பது மட்டுமே பொருள். வங்கியின் பெயரைப் போலவே ஒரு டொமைனை வாங்கிய மோசடிக்காரரும் மூன்றிலும் தேர்ச்சி பெறுவார்.

2025 ஏப்ரலில் வெளிவந்த ஒரு மோசடி இதைவிட ஒரு படி மேல். கூகுளின் நோ-ரிப்ளை முகவரி, சரியான டிகிம் கையெழுத்து, எல்லாம் பச்சை. ஒரு செயலியின் பெயராகவே தங்கள் மோசடி வாசகத்தை எழுதிவைத்து, அதைப் பற்றிக் கூகுளே தானாக அனுப்பும் எச்சரிக்கை மெயிலை வாங்கி, கையெழுத்து கெடாமல் மற்றவர்களுக்குத் தள்ளிவிட்டிருந்தார்கள். லிங்க் போய்ச் சேர்ந்ததும் கூகுள் சைட்ஸில் யார் வேண்டுமானாலும் கட்டக்கூடிய ஒரு பக்கத்துக்கு.

லிங்க்கைப் படிப்பதானால் வலமிருந்து இடமாகப் படியுங்கள். முதல் ஒற்றைச் சாய்கோட்டுக்கு முன்னால் நிற்பதுதான் வீட்டு உரிமையாளர். அக்கவுண்ட்புரொடெக்ஷன் டாட் மைக்ரோசாஃப்ட் டாட் காம் பார்க்க விநோதமாக இருந்தாலும் மைக்ரோசாஃப்டுடையது. மைக்ரோசாஃப்ட் டாட் காம் டாட் வேறேதோ டாட் நெட் என்றால் அந்த வேறேதோவுடையது.

இவ்வளவையும்விட நல்ல காவலாளி பாஸ்வேர்டு மேலாளர். பிட்வார்டனோ கீபாஸ்எக்ஸ்சியோ, எதுவானாலும் சரி. பிரவுசரோடு இணைத்துவிட்டால், கண்ணுக்கு ஒரே மாதிரி தெரியும் போலித் தளத்தில் அது தானாக நிரப்ப மறுக்கும், ஏனென்றால் அது படத்தைப் பார்ப்பதில்லை, டொமைனை மட்டுமே பார்க்கிறது. நிரப்பவில்லை என்றால் கையால் நகலெடுத்து ஒட்டாமல் முகவரியைப் பாருங்கள். பாஸ்கீ (பாஸ்வேர்டுக்குப் பதிலாகப் பயன்படும் சாவி) கிடைக்கும் இடங்களில் அதற்கே மாறிவிடுங்கள்; வேறு டொமைனில் அது வேலையே செய்யாது. எஸ்எம்எஸ் ஓடிபியை மோசடிப் பக்கத்தில் நீங்களே தட்டச்சு செய்துவிட முடியும், பாஸ்கீயில் அந்த வாய்ப்பே இல்லை.

படி 8: ஏற்கெனவே அழுத்தியாயிற்று என்றால்

வெறும் லிங்க்கைத் திறந்து மூடியிருந்தால் பெரும்பாலும் ஒன்றும் ஆகியிருக்காது. பாஸ்வேர்டு கொடுத்திருந்தால் வேறொரு கருவியிலிருந்து உடனே அதை மாற்றுங்கள், கையோடு எல்லா இடத்திலிருந்தும் வெளியேறச் சொல்லுங்கள். வெளியேற்றாவிட்டால், ஏற்கெனவே உள்ளே போனவர் பழைய அமர்விலேயே உட்கார்ந்திருக்கக்கூடும். பிறகு மெயில் அமைப்பில் முன்னனுப்பல் முகவரியையும் வடிகட்டிகளையும் பாருங்கள். உங்களுக்கு வரும் வங்கி மெயிலைத் தங்களுக்கு அனுப்பிவிட்டு உங்கள் பெட்டியிலிருந்து அழிக்கும் விதி ஒன்றை வைத்துவிட்டுப் போவது அவர்களுக்குப் பழக்கம். பாஸ்வேர்டு மாற்றினாலும் அந்த விதி அப்படியே இருக்கும். மீட்பு மெயில், மீட்பு எண், அணுகல் தந்த வெளிச் செயலிகள் இவற்றையும் பாருங்கள். கோப்பு ஏதாவது இறக்கி ஓட்டியிருந்தால் கதை வேறு. அந்தக் கணினியை நெட்டிலிருந்து துண்டித்து, முழுதாகத் துடைத்து, இயங்குதளத்தைப் புதிதாக நிறுவுவதைத் தவிர வேறு எதையும் நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

பின்சேர்க்கை: படித்தவர்கள் கேட்டவை

ஸ்மார்ட் டிவி மட்டும் அடங்கவில்லை என்று சிலர் எழுதியிருந்தார்கள். சில கருவிகளில் 8.8.8.8 உள்ளேயே பதித்திருக்கும், ரவுட்டர் சொல்வதைக் கேட்காது. ரவுட்டரின் ஃபயர்வாலில் 53-ஆம் போர்ட்டுக்கு வெளியே போகும் எல்லாவற்றையும் பைஹோலுக்குத் திருப்பிவிடும் விதி எழுத முடிந்தால் எழுதுங்கள். பைஹோலுக்கு மட்டும் அந்த விதியிலிருந்து விலக்கு கொடுக்க வேண்டும், இல்லையென்றால் அது தன்னையே கேட்டுக்கொண்டு சுற்றும்.

விபிஎன்னில் ஒரு தளம் மட்டும் "நீங்கள் மனிதரா" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறது என்பது அடுத்தது. உங்கள் வெளியேறும் முகவரியைப் பலர் பகிர்கிறார்கள், அதில் யாரோ சேட்டை செய்திருப்பார். வேறு சர்வருக்கு மாறுங்கள். வங்கிச் செயலி என்றால், விபிஎன் அமைப்பில் அந்தச் செயலியை மட்டும் சுரங்கத்துக்கு வெளியே விடும் வசதியைப் பயன்படுத்துங்கள்.

சந்தேக லிங்க்கை, லிங்க்குகளைச் சோதிக்கும் வைரஸ்டோட்டல் தளத்தில் போட்டுப் பார்க்கலாமா என்றும் கேட்டிருந்தார்கள். பார்க்கலாம், ஆனால் முழு லிங்க்கைப் போடாதீர்கள். கேள்விக்குறிக்குப் பிறகு வரும் நீளமான வாலில் உங்கள் மெயில் முகவரியோ, பாஸ்வேர்டு மாற்றும் குறியீடோ இருக்கலாம், அங்கே போட்டவற்றை மற்றவர்களும் பார்க்க முடியும். டொமைனை மட்டும் கொடுங்கள்.

பைஹோல் 6-க்கு மாறிய பிறகு நிர்வாகப் பக்கமே திறக்கவில்லை என்றால்: 2025-இல் வந்த அந்தப் பதிப்பில் வலை சர்வர் உள்ளேயே வந்துவிட்டது. பழைய வலை சர்வரான லைட்டிபிடி இன்னும் 80-ஆம் போர்ட்டைப் பிடித்துக்கொண்டிருந்தால் புதிய பக்கம் 8080-க்குப் போயிருக்கும். முகவரியின் பின்னால் அந்த எண்ணைச் சேர்த்துத் திறந்து பாருங்கள். திறந்தால் லைட்டிபிடியை நிறுத்திவிட்டு, பைஹோல் அமைப்பில் வலை சர்வரின் போர்ட்டை 80 என்று மாற்றி, பைஹோலை மறுபடி தொடங்குங்கள். அதே பெட்டியில் வேறு எதற்காவது லைட்டிபிடி ஓடிக்கொண்டிருந்தால் 8080-இலேயே விட்டுவிடுங்கள்.